உங்களுக்குத் தெரியுமா? ரேடியோவில் திட்டினால் ஆறு மாதம் ஜெயில்!

அமெரிக்காவில் எதையும் பேசலாம், எதையும் காட்டலாம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? ரேடியோவிலும் டி.வி.யிலும் அது நடக்காது! வானலை அங்கே மக்களின் சொத்து. அதில் ஆபாசம் கலந்தால் அரசாங்கம் பில் போட்டு அனுப்பும். 1927-லிருந்து நடந்த கதைகளைத் தோண்டித் துருவி எடுத்து வந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் ஒரு ரகம். படியுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்!

சட்டம் பிறந்தது இப்படித்தான்!

ரேடியோவில் ஆபாசமாகவோ அநாகரிகமாகவோ பேசக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்ட ஆண்டு 1927. வீடுகளில் டி.வி. என்ற பேச்சே இல்லாத காலம் அது!

1948-ல் அந்த விதி குற்றவியல் சட்டத் தொகுப்புக்குள் போய் உட்கார்ந்தது. அங்கே அதன் எண் 1464. அபராதத்தோடு முடியாது, இரண்டு ஆண்டு வரை ஜெயிலும் உண்டு. இன்றைக்கும் அமலில் இருக்கிறது!

முதன்முதலில் மாட்டியவர் யார் தெரியுமா? ஆரிகன் மாநிலம் போர்ட்லாண்டைச் சேர்ந்த ராபர்ட் டங்கன். 'ஆரிகன் காட்டுப்பூனை' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவர். 1930-ல் தேர்தலில் தோற்றார். எதிரிகளை ரேடியோவில் திட்டித் தீர்த்தார். தீர்ப்பு: ஆறு மாதம் ஜெயில்!

டங்கனோடு கதை முடியவில்லை. அவரைப் பேசவிட்ட கே.வி.இ.பி. ரேடியோ நிலையத்தின் உரிமமும் போச்சு!

இந்த விஷயங்களையும் சேர்த்துக் கவனிக்க 1934-ல் பிறந்தது எஃப்.சி.சி. என்கிற மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம். மொத்தம் ஐந்தே பேர்தான் உறுப்பினர்கள். அந்த ஐவரில் ஒரே கட்சிக்காரர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது!

எஃப்.சி.சி. முன்கூட்டியே நிகழ்ச்சியைப் பார்த்துக் கத்திரி போடலாமா? கூடவே கூடாது! சென்சார் செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. முதலில் ஒளிபரப்பாக வேண்டும். யாராவது புகார் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் அபராதம்!

இன்னொரு வேடிக்கை. அங்கே ஆபாசத்தில் இரண்டு ரகம். பச்சை ஆபாசம் என்றால் 24 மணி நேரமும் தடை. வெறும் அநாகரிகம் என்றால் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரைதான் தடை. 9.59-க்குக் குற்றம், 10.01-க்கு அனுமதி!

10 மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது? நாடாளுமன்றம் முதலில் நள்ளிரவு வரை தடை போட்டது. நள்ளிரவுக்குள் கடையை மூடும் பொது நிலையங்களுக்கு மட்டும் 10 மணிச் சலுகை கொடுத்தது. 1995-ல் கோர்ட் கேட்டது: அவர்களுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதியா? எல்லாருக்கும் 10 மணி!

1988-ல் நாடாளுமன்றம் 24 மணி நேரத் தடையே கொண்டுவந்தது. 1991-ல் கோர்ட் அதைத் தூக்கி எறிந்துவிட்டது!

டி.வி.யில் சுட்டுத் தள்ளலாம், வெட்டிச் சாய்க்கலாம், ரத்த ஆறு ஓடலாம். அநாகரிக விதி அதைத் தொடவே தொடாது! அது பார்ப்பது பாலியல், கழிவு சார்ந்த உறுப்புகளையும் செயல்களையும் மட்டுமே. வன்முறையையும் கட்டுப்படுத்த அதிகாரம் வேண்டும் என்று 2007-ல் எஃப்.சி.சி. கேட்டது. நாடாளுமன்றம் கொடுக்கவில்லை!

பயந்து நடுங்கிய சேனல்கள்!

1937 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. நடிகை மே வெஸ்ட் என்.பி.சி. ரேடியோவில் ஏவாளாக நடித்தார். ஆதாம்-ஏவாள் கதை கொஞ்சம் கிளுகிளுப்பாகப் போய்விட்டது. எஃப்.சி.சி.யிடமிருந்து கண்டனக் கடிதம் பறந்தது. பத்தாண்டுக்கும் மேல் அவருக்கு என்.பி.சி. பக்கம் தலைகாட்ட முடியவில்லை!

அதே நிகழ்ச்சியில் அவர் கொஞ்சிப் பேசியது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? சார்லி மெக்கார்த்தி என்ற மரப்பொம்மையிடம்! அதற்கும் சேர்த்துத்தான் நாடு கொதித்தது!

1952-ல் 'ஐ லவ் லூசி' தொடரின் கதாநாயகி கர்ப்பமானார். கதையிலும் கர்ப்பம், நிஜத்திலும் கர்ப்பம். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை மட்டும் டி.வி.யில் உச்சரிக்க சி.பி.எஸ். அனுமதிக்கவில்லை!

அந்தக் கதை வசனங்களைச் சரிபார்த்தது யார் தெரியுமா? ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத மதகுரு. மூன்று பேர்!

1953 ஜனவரி 19. தொடரில் குழந்தை பிறந்தது. அதே நாளில் நடிகை லூசில் பாலுக்கு நிஜமாகவே ஆண் குழந்தை பிறந்தது! பார்த்தவர்கள் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஜனாதிபதி ஐசன்ஹோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2 கோடியே 90 லட்சம்தான்!

1957 ஜனவரி 6. எட் சல்லிவன் ஷோவில் எல்விஸ் பிரெஸ்லி பாடினார், ஆடினார். ஆனால் கேமரா இடுப்புக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆட்டம் முழுக்க மேல்பாதி மட்டும்!

1960 பிப்ரவரி. 'டுநைட் ஷோ' தொகுப்பாளர் ஜாக் பார் கழிப்பறையை வைத்து ஒரு ஜோக் சொன்னார். அவரைக் கேட்காமலே என்.பி.சி. அதை வெட்டியது. மறுநாள் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தது மார்ச் 7-ல்!

'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' தொடரில் பார்பரா ஈடன் பூத உலகத்து அழகி. உடை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். தொப்புள் மட்டும் தெரியக் கூடாது என்றது என்.பி.சி.!

1963-ல் வெளிவந்த 'லூயி லூயி' பாட்டில் ஆபாச வரிகள் ஒளிந்திருப்பதாகப் புரளி. உளவு நிறுவனமான எஃப்.பி.ஐ.யே விசாரணையில் இறங்கியது! இசைத்தட்டை வேகமாக ஓட்டிக் கேட்டார்கள். மெதுவாக ஓட்டிக் கேட்டார்கள். இறுதி முடிவு: எந்த வேகத்தில் ஓட்டினாலும் ஒன்றும் புரியவில்லை!

ஏழு வார்த்தை, ஒரே ஒரு புகார்!

1962-ல் தென் கரோலினாவின் கிங்ஸ்ட்ரீ என்ற சிற்றூரில் சார்லி வாக்கர் என்ற ரேடியோ அறிவிப்பாளர் இரட்டை அர்த்த ஜோக்குகளாக அள்ளிவிட்டார். எஃப்.சி.சி. என்ன செய்தது? நிலையத்தின் உரிமத்தையே புதுப்பிக்க மறுத்துவிட்டது!

1970-ல் பிலடெல்பியாவின் டபிள்யூ.யு.எச்.ஒய். ரேடியோ, பாடகர் ஜெரி கார்சியாவின் பேட்டியை ஒலிபரப்பியது. மனிதர் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார். அபராதம் எவ்வளவு? வெறும் 100 டாலர்!

1973-ல் இல்லினாயின் ஒரு நிலையம் பெண்களை போன் செய்யச் சொல்லி அந்தரங்கம் பேச வைத்தது. அபராதம் 2,000 டாலர். கோர்ட்டுக்குப் போங்கள், சட்டம் செல்லுமா என்று பார்த்துவிடலாம் என எஃப்.சி.சி.யே அழைப்பு விடுத்தது. நிலையம் சத்தமில்லாமல் பணத்தைக் கட்டிவிட்டது!

1972 ஜூலை 21. மில்வாக்கி நகரத் திருவிழா மேடையில் நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் ஏழு கெட்ட வார்த்தைகளைப் பட்டியல் போட்டார். கைது! சில மாதங்களில் வழக்கு தள்ளுபடி!

1973 அக்டோபர் 30. மதியம் 2 மணி வாக்கில் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. ரேடியோ அதே கார்லினின் 12 நிமிடப் பேச்சை ஒலிபரப்பியது. காரில் மகனோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் கேட்டுவிட்டார். புகார் எழுதினார். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆபாச வழக்கு அந்த ஒரே ஒரு புகாரில்தான் பிறந்தது!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978 ஜூலை 3-ல் தீர்ப்பு. 5-க்கு 4 என்ற கணக்கில் எஃப்.சி.சி. வென்றது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் அமெரிக்க டி.வி.யின் தலையெழுத்தே வேறு!

பன்றி தொழுவத்தில் இருந்தால் தப்பில்லை, வரவேற்பறைக்குள் வந்தால்தான் தொல்லை. இந்த உவமையைச் சொன்னது யார்? உச்ச நீதிமன்றத் தீர்ப்பேதான்! சரியான விஷயமும் தப்பான இடத்தில் வந்தால் தொல்லை என்பதே அதன் வாதம்!

இத்தனை ரகளைக்கும் அந்த ரேடியோ நிலையம் கட்டிய அபராதம் எவ்வளவு? ஒரு காசுகூட இல்லை. கோப்பில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு மட்டும்!

ரேடியோவில் சொல்லக் கூடாது என்று தடுத்த அந்தப் பேச்சு முழுவதையும், ஒரு வார்த்தை விடாமல், தீர்ப்பின் பின்னிணைப்பாக உச்ச நீதிமன்றமே அச்சிட்டது! சட்ட நூலகத்துக்குப் போய் இன்றும் வாசிக்கலாம்!

வென்ற பிறகு எஃப்.சி.சி. விளாசித் தள்ளியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? 1987 வரை ஒரு நிலையத்தின் மீதும் கை வைக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் முழு அமைதி!

1987-ல் எஃப்.சி.சி. திடீரென்று விழித்தது. ஏழு வார்த்தை மட்டுமல்ல, மறைமுகமாகப் பேசினாலும் குற்றம் என்றது. அப்போது கண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஹோவர்ட் ஸ்டெர்ன். ரேடியோ உலகின் பெரிய வம்புக்காரர்!

ஸ்டெர்னை வைத்துச் சம்பாதித்த இன்ஃபினிட்டி நிறுவனம் 1995-ல் எஃப்.சி.சி.க்கு எழுதிய செக் 17 லட்சம் டாலர்!

புகார் மழை!

2000-ஆம் ஆண்டு முழுக்க எஃப்.சி.சி.க்கு எத்தனை நிகழ்ச்சிகள் மீது புகார் வந்தது, எத்தனை பேர் எழுதினார்கள் என்று பார்த்தால் தலை சுற்றாது. மொத்தப் புகார்கள் வெறும் 111. நான்கே ஆண்டு பொறுங்கள். 2004-ல் 10 லட்சத்தையும் தாண்டிவிட்டது!

2003 ஜனவரி 19. கோல்டன் குளோப் விருது மேடையில் பாடகர் போனோ மகிழ்ச்சி தாங்காமல் ஒரு கெட்ட வார்த்தையை விட்டுவிட்டார். வந்த புகார்கள் 234. அதில் 217 ஒரே அமைப்பின் ஆட்களிடமிருந்து!

அந்த அமைப்பு எது? பெற்றோர் தொலைக்காட்சிக் குழு. உறுப்பினர்கள் கையில் கணினி இருந்தால் போதும். ஒரு கிளிக்கில் புகார் கிளம்பிவிடும்!

போனோ வழக்கில் 2003 அக்டோபரில் குற்றம் இல்லை என்றார்கள். 2004 மார்ச்சில் குற்றம்தான் என்றார்கள். அதே மனிதர், அதே வார்த்தை, ஐந்தே மாதத்தில் நேர்மாறான முடிவு!

கோபம் கொண்ட ஒரு எம்.பி. 2003 டிசம்பரில் மசோதா கொண்டுவந்தார். எட்டு வார்த்தைகளுக்குத் தடை. எந்த எட்டு? எட்டையும் முழுசாக, புள்ளி வைக்காமல், மசோதாவிலேயே அச்சிட்டார்! அமெரிக்க நாடாளுமன்ற ஆவணங்களில் அது இன்றும் பத்திரமாக இருக்கிறது!

2003-ல் ஃபாக்ஸ் டி.வி.யின் 'மேரீட் பை அமெரிக்கா' நிகழ்ச்சி. 169 நிலையங்கள், ஆளுக்கு 7,000 டாலர். மொத்தம் 11 லட்சத்து 83 ஆயிரம் டாலர் அபராதம் என்று அறிவித்தார்கள்!

அதற்கு எத்தனை பேர் புகார் எழுதினார்கள் என்று ஒரு பத்திரிகையாளர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்த்தார். மொத்தமே 23 பேர்! கிட்டத்தட்ட எல்லாக் கடிதமும் ஒரே நகல்!

புகாருக்கு ஆளான காட்சிகளில் உடம்பு தெரியவே இல்லை, மங்கலாக்கித்தான் காட்டினார்கள். மங்கலாக்கினாலும் குற்றம் குற்றமே என்றது எஃப்.சி.சி. கடைசியில் 2008-ல் அபராதம் 13 நிலையங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. 91 ஆயிரம் டாலர்!

ஃபாக்ஸ் பயந்துபோய் என்ன செய்தது தெரியுமா? 'ஃபேமிலி கை' கார்ட்டூன் மறுஒளிபரப்பில் ஒரு குழந்தையின் பின்புறத்தை மங்கலாக்கியது. ஆம், வரைந்த குழந்தை!

'வித்அவுட் எ ட்ரேஸ்' தொடரின் ஒரு மறுஒளிபரப்புக்கு 2006-ல் போட்ட அபராதம் 36 லட்சம் டாலர். சிக்கிய நிலையங்கள் 111!

இதில் நியூயார்க் தப்பித்தது, சிகாகோ நேரத்தில் இயங்கும் ஊர்கள் மாட்டின. காரணம்? நியூயார்க்கில் அப்போது மணி 10. அதே நொடியில் அங்கே மணி 9!

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. கிரேக்கச் சிலைகள்போல வேடமிட்ட கலைஞர்கள் ஊர்வலம் வந்தார்கள். உலகமே ரசித்தது. அமெரிக்காவில் ஒன்பது பேர் புகார் கொடுத்தார்கள். வீடியோவை அனுப்பு என்று எஃப்.சி.சி. கேட்டுவிட்டது!

எது ஆபாசம்? எது இல்லை?

1997-ல் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தை என்.பி.சி. வெட்டாமல் ஒளிபரப்பியது. வதை முகாமின் நிர்வாணக் காட்சிகள் அப்படியே வந்தன. பார்த்தவர்கள் 6 கோடியே 50 லட்சம். எஃப்.சி.சி. தீர்ப்பு: ஆபாசம் இல்லவே இல்லை!

2004 நவம்பர் 11, போர்வீரர் தினம். சிப்பாய்கள் கெட்ட வார்த்தை பேசும் 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தைப் போட ஏ.பி.சி.யின் 60-க்கும் மேற்பட்ட நிலையங்கள் பயந்து பின்வாங்கின. இத்தனைக்கும் அதே படம் 2001-லும் 2002-லும் ஓடியிருந்தது!

முன்கூட்டியே சொல்லிவிடுங்களேன் என்று நிலையங்கள் எஃப்.சி.சி.யிடம் கெஞ்சின. முடியாது, சொன்னால் அது சென்சார் ஆகிவிடும் என்று கைவிரித்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வந்த தீர்ப்பு: படத்தில் தப்பே இல்லை!

அடுத்ததைக் கேளுங்கள். மார்ட்டின் ஸ்கார்சேசி தயாரிப்பில் ப்ளூஸ் இசைக் கலைஞர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம். அதே வகை வார்த்தைகள்தான். கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி நடத்தும் சின்ன டி.வி. நிலையம் ஒளிபரப்பியது. 15 ஆயிரம் டாலர் அபராதம்! சினிமாச் சிப்பாய் திட்டலாம், நிஜப் பாடகர் திட்டக் கூடாது!

1989-ல் மாஃபியா தலைவன் ஜான் காட்டியின் ஒட்டுக்கேட்ட பேச்சை என்.பி.ஆர். ரேடியோ ஒலிபரப்பியது. ஏழே வாக்கியம். அதில் கெட்ட வார்த்தை பத்து தடவை! செய்திக்காகப் போட்டது என்று எஃப்.சி.சி. விட்டுவிட்டது!

கவிஞர் சாரா ஜோன்ஸ் பெண்களை இழிவுபடுத்தும் பாடல்களைக் கண்டித்து ஒரு கவிதை பாடினார். பள்ளி மாணவர்கள் முன்னிலையிலும் பாடிய கவிதை. அதை ஒலிபரப்பிய போர்ட்லாண்டின் கே.பி.ஓ.ஓ. ரேடியோவுக்கு 2001-ல் 7,000 டாலர் அபராதம்!

சாரா ஜோன்ஸ் சும்மா இருப்பாரா? எஃப்.சி.சி. மீதே வழக்குப் போட்டார். 2003-ல் அபராதம் ரத்து!

எமினெம் பாட்டு ஒன்றைக் கெட்ட வார்த்தைகளை நீக்கிவிட்டுப் போட்டது ஒரு கொலராடோ நிலையம். அதற்கும் 7,000 டாலர் அபராதம். 2002 ஜனவரியில் அதுவும் ரத்து!

2013 ஏப்ரல். பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்து ஐந்தாம் நாள். பேஸ்பால் நட்சத்திரம் டேவிட் ஓர்டிஸ் மைதானத்தில் மைக்கைப் பிடித்து, இது எங்கள் ஊர் என்று முழங்கினார். நடுவில் கெட்ட வார்த்தை. டி.வி.யில் நேரலை. எஃப்.சி.சி. தலைவர் என்ன செய்தார்? மனதிலிருந்து பேசினார் என்று ட்விட்டரில் பாராட்டினார்!

1957-ல் சான்ஃபிரான்சிஸ்கோ நீதிபதி ஒருவர் ஆலன் கின்ஸ்பெர்கின் 'ஹவுல்' கவிதை ஆபாசம் இல்லை என்று தீர்ப்பளித்தார். சரியாக 50 ஆண்டு கழித்து, 2007-ல், அதை ரேடியோவில் வாசிக்க ஆசைப்பட்டது டபிள்யூ.பி.ஏ.ஐ. அபராதப் பயத்தில் விட்டுவிட்டது! இணையத்தில் மட்டும் வெளியிட்டது!

பயம் ஏன் என்கிறீர்களா? 2006 ஜூனில் ஜனாதிபதி புஷ் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தார். 32,500 டாலராக இருந்த உச்ச அபராதம் ஒரே நாளில் 3 லட்சத்து 25 ஆயிரமானது. அப்படியே பத்து மடங்கு!

அந்த உச்ச அபராதத்தை முழுசாக வாங்கிக் கட்டிக்கொண்டது வர்ஜீனியாவின் டபிள்யூ.டி.பி.ஜே. டி.வி. 2012-ல் மாலைச் செய்தியில், திரையின் ஓரத்தில், ஒரு ஆபாசப் படம் தவறுதலாக வந்துவிட்டது. மூன்று நொடிகூட இல்லை. 2015-ல் பில் வந்தது: 3 லட்சத்து 25 ஆயிரம் டாலர்!

முக்கால் நொடிகூட இல்லை!

2004 பிப்ரவரி 1, ஹூஸ்டன். அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் இடைவேளை. பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக் கை வைக்க, பாடகி ஜேனட் ஜாக்சனின் மேலாடை கிழிந்தது. டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 9 கோடி!

அந்தக் காட்சி எவ்வளவு நேரம்? ஒரு நொடியை 16 பங்காக்கி அதில் 9 பங்கு. அவ்வளவுதான்!

குவிந்த புகார்கள் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல்! சி.பி.எஸ்.ஸின் 20 நிலையங்களுக்குத் தலா 27,500 டாலர். மொத்தம் 5 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம்!

அடுத்த வாரமே கிராமி விருது விழா. சி.பி.எஸ். எவ்வளவு தாமதத்தில் ஒளிபரப்பியது? சில நொடிகள் இல்லை, ஐந்து நிமிடம்!

அதே வாரம் 'இ.ஆர்.' மருத்துவத் தொடரில் அவசர சிகிச்சைக் காட்சி. படுக்கையில் ஒரு மூதாட்டி. மார்பு ஒரு கணம் தெரிகிறது என்று என்.பி.சி. அதையும் வெட்டியது!

ஜேனட் கிராமி பக்கமே வரவில்லை. டிம்பர்லேக் வந்தார், மன்னிப்புக் கேட்டார், இரண்டு விருதுகளோடு வீட்டுக்குப் போனார். 2018-ல் அதே சூப்பர் பவுல் மேடைக்கும் திரும்ப வந்தார்!

அபராதம் போட்டபோது எஃப்.சி.சி. தலைவராக இருந்தவர் மைக்கேல் பவல். பத்து ஆண்டு கழித்து, 2014-ல், ஜேனட்டை மட்டும் ஊர் குறிவைத்தது நியாயமே இல்லை என்று அவரே சொன்னார்!

2012 சூப்பர் பவுலில் நம்மவர் ஒருவர்! மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகி. மடோனாவோடு மேடையேறியவர் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டிவிட்டார். பார்த்தவர்கள் 11 கோடிக்கும் மேல்!

அவரிடம் பணம் கேட்டு வந்தது எஃப்.சி.சி. இல்லை, போட்டியை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு! முதலில் 15 லட்சம் டாலர் கேட்டார்கள். பிறகு கூட்டிக் கூட்டி 1 கோடியே 66 லட்சம் டாலரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2014-ல் சமரசம். தொகை ரகசியம்!

2020-ல் ஷகீராவும் ஜெனிஃபர் லோபஸும் அதே மேடையில் ஆடினார்கள். புகார்கள் எத்தனை? 1,300 சொச்சம். ஜேனட்டுக்கு வந்ததில் அரை சதவீதம்கூட இல்லை!

கோர்ட்டில் நடந்த ரகளை!

2003-ல் 'என்.ஒய்.பி.டி. ப்ளூ' தொடரில் ஒரு பெண்ணின் பின்புறம் ஏழு நொடி தெரிந்தது. 52 நிலையங்களுக்கு 14 லட்சத்து 30 ஆயிரம் டாலர். வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 2 லட்சம் டாலர்!

பின்புறம் பாலுறுப்பே இல்லை என்று ஏ.பி.சி. வாதாடியது. உறுப்புதான் என்றது எஃப்.சி.சி. படித்த வக்கீல்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள்!

2006 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஃபாக்ஸ் டி.வி.யின் கெட்ட வார்த்தை வழக்கு. அங்கே கெட்ட வார்த்தைகள் தாராளமாகப் புழங்கின. அந்த விசாரணையை சி-ஸ்பான் சேனல் அப்படியே ஒளிபரப்பியது! அபராதம் இல்லை. அது கேபிள் சேனல்!

2008 நவம்பர் 4. ஒபாமா வென்ற தேர்தல் நாள். அன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் அந்த ஃபாக்ஸ் வழக்கு. ஒரு மணி நேர விசாரணை. அந்த வார்த்தையை ஒரே ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை!

குழந்தைகளுக்கான 'செசமி ஸ்ட்ரீட்'டின் மஞ்சள் பறவை கெட்ட வார்த்தை பேசும் நாள் வந்துவிடும் என்று அரசுத் தரப்பு வக்கீல் எச்சரித்தார். உச்ச நீதிமன்றத்தில், அதுவும் சீரியஸாக! 5-க்கு 4 என்று எஃப்.சி.சி. வென்றது!

2012 ஜனவரி 10. அதே வழக்கு, 'என்.ஒய்.பி.டி. ப்ளூ' வழக்கையும் சேர்த்துக்கொண்டு, உச்ச நீதிமன்றத்துக்கு மறுபடியும் வந்தது. ஏ.பி.சி. வக்கீல் சேத் வாக்ஸ்மன் வாதாடும்போதே கையை உயர்த்திக் காட்டினார். நீதிமன்றச் சுவர் முழுக்க நிர்வாணச் சிற்பங்கள்! அதோ ஒரு பின்புறம் தெரிகிறது பாருங்கள் என்றார்! நீதிபதிகளே அண்ணாந்து பார்த்தார்கள்!

ஜூனில் தீர்ப்பு. 8-க்கு 0! விதியை முன்கூட்டித் தெளிவாகச் சொல்லாமல் தண்டித்தது தப்பு என்று எஃப்.சி.சி.யின் உத்தரவுகள் ரத்தாயின. ஆனால் அடிப்படைச் சட்டம் செல்லுமா, செல்லாதா? நீதிபதிகள் அதைத் தொடவே இல்லை! 1978 தீர்ப்பே இன்றும் நிற்கிறது!

ஒன்பதாவது நீதிபதி எங்கே போனார்? சோனியா சோட்டோமேயர் விலகிக்கொண்டார். வழக்கு கீழ்க் கோர்ட்டில் நடந்தபோது அவர் அங்கே நீதிபதி!

அடுத்து நடந்ததுதான் பெரிய அதிசயம். தேங்கிக் கிடந்த புகார்களை எஃப்.சி.சி. சலித்தது. பழசு, பலவீனமானது என்று தள்ளுபடி செய்தது எத்தனை? 10 லட்சத்துக்கும் மேல்!

ஆன்டெனா இல்லாவிட்டால் ஆட்டம் வேறு!

இந்த அநாகரிக விதிகள் எல்லாம் ஆன்டெனா வழியாக வருவதற்கு மட்டும்தான். கேபிள், சாட்டிலைட், இணையம் எதையும் தொடாது! ஒரே டி.வி. பெட்டி, ஒரே ரிமோட். 4-ஆம் சேனலுக்குச் சட்டம் உண்டு, 40-ஆம் சேனலுக்கு இல்லை!

2001 ஜூன் 20. கேபிள் சேனலில் வந்த 'சவுத் பார்க்' கார்ட்டூன், ஒரே எபிசோடில் ஒரே கெட்ட வார்த்தையை 162 தடவை சொன்னது. திரை ஓரத்தில் எண்ணிக்கை காட்டும் மீட்டர் வேறு! அபராதம்? பூஜ்யம்!

ஹோவர்ட் ஸ்டெர்ன் நிகழ்ச்சிக்காக 2004 ஏப்ரலில் கிளியர் சேனல் நிறுவனத்துக்கு 4 லட்சத்து 95 ஆயிரம் டாலர் அபராதம். நிறுவனம் அவரைக் கழற்றிவிட்டது. ஆறே மாதத்தில் சாட்டிலைட் ரேடியோ அவரைக் கூப்பிட்டது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம், 50 கோடி டாலர்!

கடைசியாக ஒன்று. 2004-ன் இரண்டு சம்பவங்களை இணையத்தில் பார்க்கலாம் என்று தேடினால் வீடியோ எளிதில் கிடைக்கவில்லை. ஒன்று சூப்பர் பவுல். இன்னொன்று, டிசம்பர் 26-ல் நம் கரைகளையும் இலங்கையையும் புரட்டிப் போட்ட சுனாமி. அப்படித் தேடிச் சலித்த அனுபவத்திலிருந்துதான் யோசனை பிறந்தது என்று சொன்னவர் ஜாவேத் கரீம். அவரும் இரண்டு நண்பர்களும் 2005-ல் தொடங்கியதுதான் யூடியூப்!

சூப்பர் பவுல் அபராதம் என்ன ஆயிற்று? எட்டு ஆண்டு கோர்ட் ஏறி இறங்கி, 2012-ல் ஒரேயடியாக ரத்து. அரசாங்கத்துக்குக் கிடைத்தது பூஜ்யம். யூடியூபை 2006-ல் கூகுள் வாங்கிய விலை 165 கோடி டாலர்!